பேர் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு விழாவில் எல்லாரும் உன்னைப் பாராட்டிப் பேசியதை இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த பக்கம் முழுக்க, “இத்தனை வருஷம் ஓடினேன், பேர் சொல்ல என்ன இருக்கிறது?” என்ற புலம்பல். படித்ததும் உன்னோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. அதனால் என் சேதிகளைப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்ச நாளாக ஆனந்திபாய் ஜோஷியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1865-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் கல்யாணம். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை, தகுந்த மருத்துவ உதவி இல்லாமல் சில நாளிலேயே போய்விட்டது. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற உறுதி அவருக்கு வந்தது அதற்கப்புறம்தான். 1886-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். இதெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டது அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் கதை.

நியூ ஜெர்சியில் ரோசல் என்ற ஊரில் தியோடிசியா கார்பென்டர் என்று ஒரு அம்மாள் இருந்தார். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, அங்கே கிடந்த ஒரு மிஷனரி பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். ஆனந்திபாயின் கணவர் மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டு எழுதியதும், மதம் மாறினால் பார்க்கலாம் என்ற தோரணையில் வந்த பதிலும் அதில் அச்சாகியிருந்தன. பார்த்தே இராத அந்தப் பெண்ணுக்கு அந்த அம்மாள் உடனே கடிதம் எழுதினார். வருஷக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1883-இல் பதினெட்டு வயது ஆனந்திபாய் கணவர் துணையில்லாமல் கப்பலேறிப் போனபோது, நியூயார்க்கில் வந்து அழைத்துக்கொண்டு போய்த் தன் வீட்டிலேயே தங்கவைத்தவரும் அவர்தான். யோசித்துப் பார், ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக வீட்டுக் கதவைத் திறப்பது என்ன லேசான காரியமா? “தைரியமாக இரு, உன்னால் முடியும்” என்று சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். வீட்டில் ஒரு இடம், கையில் கொஞ்சம் பணம், “இவளுக்கு நான் பொறுப்பு” என்ற ஒரு கையெழுத்து, இப்படி ஏதாவது ஒன்றைக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்?

ஆனந்திபாய் ஊர் திரும்பிய சில மாதங்களிலேயே, 1887 பிப்ரவரியில், காசநோயில் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கோலாப்பூர் மருத்துவமனையில் அவருக்காக ஒதுக்கிவைத்திருந்த பதவியில் அவரால் பணியாற்ற முடியவில்லை. நீ போடுகிற கணக்கின்படி அவருக்கும் பேர் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய பட்டமளிப்பைப் பார்க்க வந்திருந்த பண்டித ரமாபாய், பெண்கள் படிக்க வேண்டும் என்று போராடியவர், அமெரிக்காவிலேயே தங்கி, இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆனந்திபாய் படித்த கல்லூரியின் தலைவர் ரேச்சல் பாட்லிதான் அதற்கு முன்னுரை கொடுத்தார். புத்தகமும் ரமாபாயின் சொற்பொழிவுகளும் ஆதரவு திரட்டித் தர, 1889-இல் பம்பாயில் விதவைகள் தங்கிப் படிக்க சாரதா சதன் என்ற பள்ளி தொடங்கியது. அங்கே படித்த இளம் விதவைகளில் ஒருவர் கோதுபாய். பிறகு சமூக சீர்திருத்தவாதி கார்வேயை மணந்து, கணவர் தொடங்கிய விதவைகள் இல்லத்துக்காக ஊர் ஊராக நன்கொடை திரட்டியவர். அதே கார்வேதான் 1916-இல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இந்த வரிசையில் யாருக்கும் அடுத்ததாக யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அவரவர் தனக்குப் பக்கத்தில் நின்றவளுக்குச் செய்ததோடு சரி.

நம் பக்கத்திலும் பார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். மறுவருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அதை விடவில்லை. தொடங்கியவரைப் போலவே, எடுத்து நடத்த வந்தவரும் முக்கியம் இல்லையா?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் சீனியர்கள் உன்னை எப்படி அழவைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எனக்கு எழுதியிருக்கிறாய். “நாங்கள் பட்டோம், நீயும் படு” என்பதுதான் அங்கே வழக்கமாக இருந்தது. வார்டு உன் பொறுப்பில் வந்தபோது நீ அந்த வழக்கத்தை நிறுத்தினாய். புதிதாக வந்த பெண்களுக்காக ஒரு நோட்டு வைத்திருந்தாயே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது, நோயாளியின் மகன் கத்தினால் என்ன பதில் சொல்வது, இரவு டியூட்டியில் எந்த நேரத்தில் கவனம் சிதறும் என்று எல்லாம் உன் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். ஓரத்தில் சிவப்பு மையில், “தெரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு, நடு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.” அந்தப் பெண்களில் எத்தனை பேர் இன்று வேறு வேறு ஊர்களில் வார்டுகளை நடத்துகிறார்கள்! அவர்களிடம் வேலை பழகுகிறவர்களுக்கு உன் பேர் தெரியாமல் இருக்கலாம், அதற்காக நீ செய்தது இல்லை என்றாகிவிடுமா?

என்னையே எடுத்துக்கொள். கைக்குழந்தையோடு நான் வகுப்புக்கு வர முடியாமல் கிடந்த வருஷம், கார்பன் தாள் வைத்து எனக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதினாய். “இது கட்டாயம் வரும்” என்று அடிக்கோடு வேறு. அந்தப் பட்டம் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஏது? என் மகளை நான் நினைத்தபடி படிக்கவைத்திருக்க முடியுமா? போடி, பேர் சொல்ல ஒன்றும் இல்லையாம்!

சரி, என் சேதி. எங்கள் மகளிர் குழுவின் கணக்கு வழக்கை இளையவள் ஒருத்தியிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறேன். கூட்டத்தில் அவள்தான் பேசுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருக்கிறது. ஆனால் நான் குறுக்கே பேசினால் எல்லாரும் மறுபடி என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கடன் கேட்டு வருகிறவளிடம் எதை விசாரிக்க வேண்டும், எதைக் கேட்டு அவள் மனதை நோகடிக்கக் கூடாது என்பதெல்லாம் இத்தனை நாளும் என் தலையில் மட்டுமே இருந்தது. இப்போது அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், மகள் நலம். உன்னை மிகவும் விசாரித்தாள்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பிவை. தட்டச்சு செய்து தருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஓய்வுக்கு முந்தின வருஷங்களில் கற்றதையும் சேர்த்து எழுது, பழையதில் மாற்ற வேண்டியதை அடித்துத் திருத்து. உனக்குப் பின் அந்த வார்டுக்கு வந்திருக்கிற பெண்ணிடம் முதல் பிரதியைக் கொடுக்கலாம். அவளைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே, எப்படிப்பட்டவள்?

பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி