சின்னானாக ஆடியவரின் பெயர் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் நடந்த காத்தவராயன் கூத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தியும் படமும் வந்திருந்தன. கூத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. படத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் காத்தான், கதைநாயகன் காத்தவராயன். அவருடைய பெயர், ஊர், அவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் யார் என்பதெல்லாம் கீழே போட்டிருந்தீர்கள். அவருடைய தோளை உரசிக்கொண்டு நிற்கிறவர் காத்தானின் தோழன் சின்னான். அவருக்கு 'அருகில் சக நடிகர்' என்ற இரண்டு சொல் மட்டுமே கிடைத்திருக்கிறது.

அந்தக் கூத்தை நான் இருந்து பார்த்தேன். உங்கள் வாசகர்களுக்கு ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். காத்தவராயன் கூத்தில் காத்தானாக ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. சிறு பிள்ளையாக ஒருவர் வருவார், இளந்தாரியாக இன்னொருவர் வருவார், கழுமரம் ஏறும்போது வேறொருவர் வருவார். அன்றும் அப்படித்தான் காத்தான்கள் மாறினார்கள். சின்னான் மாறவில்லை. புதுக் காத்தான் களரிக்குள், அதாவது ஆடும் இடத்துக்குள் வந்து நிற்கும்போது, இவன்தான் காத்தான் என்று சனம் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் பக்கத்தில் அதே சின்னான் நிற்பதுதான். முகம் வேறு, குரல் வேறு, உயரம்கூட வேறு. ஆனால் சின்னான் பழைய உரிமையோடு தோளில் கை போடுகிறார், பழைய குரலில் கதைக்கிறார், அத்தோடு எங்களுக்கும் அவன் பழைய காத்தானாகிவிடுகிறான். விடியப்புறம் தொண்டை அடைத்த பிறகும் அந்த மனிதர் சிந்துநடை ஆட்டத்தின் கால் பிசகாமல் ஆடினார். அவருடைய பெயர்தான் உங்கள் செய்தியில் இல்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கரவெட்டியிலும் வேறு ஊர்களிலும் படிப்பித்த காலத்தில் தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் பாடசாலை விழாக்களுக்கும் பிள்ளைகளை நாடகம் பழக்கினேன். பிள்ளைகளைத் தெரிவு செய்து வேடம் கொடுத்த மறுநாள் காலையில் அலுவலக வாசலில் தாய்மார் நிற்பது எனக்குப் பழகிப்போன காட்சி.

"ரீச்சர், என்ர பிள்ளைக்கு ஏன் குகன் வேசம்? அவன் நல்லாப் பாடுவான்தானே. ராமனைக் குடுங்கோவன். குகன் எண்டால் ஆர் பாக்க வருவினம்?"

அந்தத் தாய்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இராமனாக நின்ற பிள்ளையைத்தான் மேடையால் இறங்கியதும் எல்லோரும் தூக்குகிறார்கள், அவனைத்தான் படம் எடுக்கிறார்கள். அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். அவளைக் கதிரையில் இருத்தி, கம்பனில் குகன் என்ன சொல்கிறான் என்று வாசித்துக் காட்டினேன். பரதன் பெரும் சேனையோடு கங்கைக்கரைக்கு வருகிறான். இராமனோடு போருக்குத்தான் வருகிறான் என்று குகன் நினைக்கிறான். தன்னிடம் இருக்கிற வேடர் கூட்டத்தை வைத்துக்கொண்டு அந்தச் சேனையை மறிக்கத் துணிகிறான். அப்போது சொல்கிறான்: 'தோழமை என்றவர் சொல்லிய சொல்லொரு சொல்லன்றோ, ஏழைமை வேடன் இறந்திலன் என்றெனை ஏசாரோ.' தோழன் என்று இராமன் ஒருமுறை சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுக்க நிற்கிறான். அதே குகன், பரதனின் மரவுரியையும் அழுத முகத்தையும் கண்ட மாத்திரத்தில் வில்லைக் கைவிடுகிறான், 'ஆயிரம் இராமர் நின் கேழ் ஆவரோ' என்கிறான். கோபத்திலிருந்து கண்ணீருக்கு வருவதற்கு அவனுக்குச் சில பாட்டுகள்தான் இருக்கின்றன. இராமனுக்கு இப்படி ஒரு திருப்பம் அந்தக் காட்சியில் கிடையாது. அவன் அந்த இடத்திலேயே இல்லை. சொல்லி முடிந்ததும் அந்தத் தாய், "அப்ப அவனைக் கவனமாப் பழக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழக்கினால்தான் தெரியும், துணைவன் வேடம் எவ்வளவு கடினம் என்று. நாயகனுக்குப் பாட்டு இருக்கிறது, வசனம் இருக்கிறது, கைக்கு வேலை இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவன் பாடி முடிக்கும்வரை, அந்தப் பாட்டை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவன்போல நிற்க வேண்டும். தலையைச் சொறியக் கூடாது. சபையில் அம்மா எங்கே இருக்கிறா என்று தேடக் கூடாது. நாயகன் வரியை மறந்தால் அடுத்த வரியைக் கேள்வியாக மாற்றி அவன் வாயில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதையும் சபைக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். இப்படி ஒரு பிள்ளை, மேடையில் விறைத்துப்போன தசரதனைக் காப்பாற்றியதை நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பரிசு தசரதனுக்குக் கிடைத்தது. மத்தியஸ்தர்களிடம் அந்தப் பிள்ளையின் திறமையை எழுதுவதற்கு ஒரு நிரல்கூட இருக்கவில்லை.

எங்கள் கதைகள் துணைவர்களை இப்படி மறந்தவை அல்ல. விக்கிரமாதித்தன் கதையை என் அப்பாச்சி சொல்லும்போது, நாங்கள் காத்திருந்தது விக்கிரமனின் வாளுக்காக இல்லை, அவனுடைய அமைச்சன் பட்டியின் மூளைக்காக. அரியணையில் இருந்து ஆயிரம் ஆண்டு ஆள விக்கிரமனுக்கு வரம். பட்டிக்கோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். அரசன் போனபிறகு தனியே இருந்து என்ன செய்வது? பட்டி வழி சொல்கிறான்: ஆறு மாதம் நாட்டில் இருந்து ஆளுங்கள், ஆறு மாதம் காட்டில் திரியுங்கள். அரியணையில் இருக்கிற காலம்தானே கணக்கு. 'காடாறு மாதம் நாடாறு மாதம்' வந்த வழி இதுதான். விக்கிரமனின் வீரச் செயல்களில் பாதி நடந்தது அந்தக் காட்டு மாதங்களில். அந்தக் காலத்தை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தவன் பட்டி.

கண்ணகிக்கு இங்கே ஊருக்கு ஊர் கோயில் வைத்திருக்கிறோம். மதுரைக்குப் போகிற வழியில் அவளுக்குத் துணையாக நடந்த கவுந்தி அடிகளை எத்தனை பேர் நினைக்கிறோம்? சமணத் துறவி. இந்தச் சோடி யார், எவர் என்று துருவாமல் கூட நடந்தார். வழியில் இருவரையும் இகழ்ந்தவர்களை நரியாகும்படி சபித்தார். பிறகு கண்ணகியும் கோவலனும் கேட்டுக்கொண்டதற்காகச் சாப விடுதலைக்குக் காலமும் சொன்னார். கண்ணகியை மாதரி என்ற இடையர் குலப் பெண்ணிடம் ஒப்படைத்து, தாயும் நீயே ஆகித் தாங்கு என்றார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும் உண்ணா நோன்பிருந்து உயிரை விட்டார். இளங்கோ அடிகள் அவரை வழிகாட்டியாக மட்டும் வைத்திருந்தால் மதுரை வாசலோடு விட்டிருப்பார். அவருடைய முடிவையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த மரியாதையை நாங்கள் கொடுக்கவில்லை. கண்ணகி நாடகங்களில் நேரம் போதாது என்றவுடன் முதலில் வெட்டப்படுகிறவர் கவுந்தி அடிகள்தான்.

என்னுடைய பேத்தி ஆங்கிலத்தில் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை விரும்பி வாசிக்கிறாள். மொத்தம் 60 கதைகள், அவற்றில் 56 ஐச் சொல்கிறவர் டொக்டர் வற்சன் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். தோழன் எழுதி வைத்திராவிட்டால் அந்தத் துப்பறியும் மேதையை உலகம் அறிந்திராது. இங்கேயும் கபிலர் இல்லாமல் பாரி இல்லை.

சினிமாவைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. நாயகனின் நண்பன் என்றால் அடி வாங்கிச் சிரிப்புக் காட்ட வேண்டும், அல்லது நாயகனுக்குக் கோபம் வருவதற்காக இடைவேளைக்கு முன்னர் சாக வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் பெடியள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். நண்பன் வேடம் என்றால் நக்கலாகக் கதைக்கிற வேடம் என்று நினைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்கள். குகனை ஒருவன் கோமாளி போல நடந்து காட்டியபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர்களில் ஒரு காலம் யாருக்கு என்ன வேடம் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. அரச வேடம் இன்னாருக்கு, ஏவல் வேடம் இன்னாருக்கு என்று எழுதாத சட்டம் பல இடங்களில் இருந்தது. துணைவனை வேலைக்காரனாகப் பார்க்கிற கண் அங்கிருந்தும் வந்ததுதான். 'குகனொடும் ஐவர் ஆனேம்' என்று பாடிய கம்பனைப் பட்டிமன்றங்களில் புகழ்கிறோம். வேடனைச் சகோதரனாக எண்ணிய அந்தக் கவிதைக்கு முன்னால் எங்கள் வேடப் பட்டியல்கள் வெட்கப்பட வேண்டியவை. இன்று அந்த வழக்கம் பெருமளவு தளர்ந்துவிட்டது என்பது உண்மை. பெயர் போடுவதிலாவது அதன் மிச்சம் இருக்கக் கூடாது.

என் மூத்த அண்ணர் இசைநாடகங்களுக்குப் பிற்பாட்டுப் பாடியவர். இளையவர்களுக்கு இது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். முன்னால் நடிகர் பாட்டின் அடியைப் பாடி முடிக்கும்போது, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பி எடுத்துப் பாடுவார். அந்த இடைவெளியில் நடிகர் மூச்சு வாங்குவார், ஆடுவார், அடுத்த அடியை நினைத்துக்கொள்வார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு நடிகர் இரவு முழுவதும் பாடி நின்றதன் இரகசியம் இதுதான். நடிகமணி வி. வி. வைரமுத்துவை (1924–1989) அறியாத வயதானவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. அவருடைய அரிச்சந்திரனைக் கண்டு அழுதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் அழுதவள்தான். அவர் பெற்ற புகழ் அத்தனையும் அவருக்கு உரியது. ஆனால் நாட்டை விட்டு நடக்கும் அரசனின் பின்னால் நடக்கிற அமைச்சன் சத்தியகீர்த்தியின் வேடத்தை எங்கள் மேடைகளில் கட்டியவர்கள் யார் யார், பிற்பாட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டால், அவரவர் குடும்பத்தாருக்குத்தான் தெரியும்.

அண்ணர் ஒரு தகரப் பெட்டி நிறைய நாடக நோட்டீசுகள் சேர்த்து வைத்திருந்தார். போரால் வந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனவை வேறு. நாயகர்களின் பெயர்கள் எப்படியோ தப்பிவிட்டன. நினைவு மலர்களிலும் கட்டுரைகளிலும் அவை திரும்பத் திரும்ப வந்ததால் தப்பின. மற்றவர்களின் பெயர்கள் அந்த நோட்டீசுகளில் மட்டும் இருந்தன, நோட்டீசுகளோடு போயின. இப்போது மிஞ்சியிருப்பது எண்பது வயதைத் தாண்டிய சிலரின் ஞாபகம் மட்டுமே.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள். கூத்து, நாடகச் செய்தி போடும்போது வேடம் கட்டிய எல்லோருடைய பெயரையும் போடுங்கள். இடம் போதாது என்றால் என் போன்றவர்கள் எழுதும் கடிதங்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள். தோழர், தோழி, கட்டியகாரன், அமைச்சர், பிற்பாட்டு, உடுக்கு, மிருதங்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். செய்தி அனுப்பும் கோயில் சபையினரிடமும் பாடசாலைகளிடமும் இதைக் கட்டாயமாகக் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். போட்டி நடத்துகிறவர்கள் துணைப் பாத்திரத்துக்கென்று தனியே புள்ளியும் பரிசும் வைக்க வேண்டும். ஞாயிறு மலரில் ஒரு சிறு பகுதியை, கால் பக்கம் போதும், பழைய கூத்துகளில் துணை வேடம் கட்டியவர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். பெயர், ஊர், கட்டிய வேடம், அண்ணாவியார் யார், எந்தக் கோயில் மேடை என்ற அளவு விபரம் இருந்தாலே போதும். படம் கிடைத்தால் போடலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களிடம் உள்ள படங்களை அனுப்புவார்கள் என்று நம்புகிறேன்.

வடமராட்சிப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் பலருடைய பெயர்களை, இருக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியை நீங்கள் தொடங்குவதாக இருந்தால் கொப்பியை நேரில் கொண்டுவந்து தருவேன். உங்கள் படத்தில் சின்னானாக நிற்பவரிடமும் கேட்டுவிட்டேன், அவருடைய பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன். அடுத்த இதழில் திருத்தமாக நீங்களே அதை வெளியிட்டால் அவருடைய மனைவி மிகவும் சந்தோசப்படுவா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கரவெட்டி.