முதல் பருவ நிறைவு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. தைப்பூசக் காவடியில் பிள்ளைகள் பாடினார்கள், சித்திரைப் புத்தாண்டு விழாவில் குறள் ஒப்பித்தார்கள், தேர்வும் பெரும்பாலோர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டு.

சரி, இப்போது ஒரு விஷயம். அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை பள்ளியில் உடல்நலப் பரிசோதனை. எடை, ரத்த அழுத்தம், கண் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். ஆனால் சம்மதப் படிவங்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஒரு மாணவியின் பையில் அது நான்காக மடித்து, மஞ்சள் கறையோடு, கையெழுத்தில்லாமல் கிடந்தது. "வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை டீச்சர்" என்றாள்.

உங்கள் தயக்கம் புரிகிறது. ஊசி என்றால் பிள்ளை அழும். முடிவு வெளியே தெரிந்தால் நாலு பேர் பேசுவார்களே என்ற பயமும் இருக்கும். முடிவு ஒட்டிய உறையில் உங்கள் கைக்குத்தான் வரும். நான்கூடப் பார்க்க மாட்டேன்.

மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அது வலியில்லாமல் வருடக்கணக்கில் உடம்பில் இருக்கும். என் அப்பாவுக்கு இருப்பது காலில் புண் ஆறாமல் போன பிறகுதான் தெரிந்தது. 1987இல் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதே ஆண்டு ரேஷன் எண்ணெயும் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாறியது. 1992இல் மறுபடி சோதித்தபோது சராசரி கொலஸ்ட்ரால், அதாவது ரத்தக் கொழுப்பு, லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அது உங்கள் உரிமை. படிவத்தைப் பையிலேயே விட்டுவைப்பது பதில் ஆகாது. பிள்ளையின் உடம்பு விஷயம் இது.

கையெழுத்திட்டு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்த களைப்போடு பஸ் பிடித்து வந்து படிவத்தை நேரில் கொடுத்த அப்பாவுக்கும்தான்.

அன்று உங்களுக்கும் சர்க்கரை பார்ப்பார்கள். பெரியவர்கள் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள், தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் காட்டினால் பயப்படாதீர்கள், மறுபடி ஒருமுறை சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். பிள்ளைகளைப் பட்டினியாக அனுப்ப வேண்டாம்.

படிவம் வரும் புதன்கிழமைக்குள் வேண்டும். அப்புறம், தொலைத்தவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், என் மேசையில் இன்னும் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை