மாற்ற வேண்டாம், சேர்க்க இடம் கொடுங்கள்

வீடியோ கேம் உருவாக்கும் ஸ்டுடியோக்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுகளுக்குச் சட்டை, கோட்டு, தொப்பி என்று செய்து இலவசமாகக் கொடுக்கும் மோடர் கூட்டத்தில் (வெளியான விளையாட்டில் ரசிகர்கள் செய்யும் மாற்றத்துக்கு ‘மோட்’ என்று பெயர்) நானும் ஒரு ஆள். கேட்பது ஒன்றுதான்: புது உடையைச் சேர்க்க முறையான வழி வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் உடை ஒன்றைப் பலி கொடுத்தால்தான் புதியது நுழைய முடியும் என்ற நிலை போதும்.

நிறத்தை மட்டும் மாற்றுவதென்றால் பெரிய வேலை இல்லை. டெக்ஸ்சரை, அதாவது உடையின் மேல் போர்த்தும் படத்தை, திறந்து வரைந்துவிடலாம். வடிவமே புதிது என்றால் கதை வேறு. பிளெண்டர் என்ற மென்பொருளில் மெஷ் (உடையின் முப்பரிமாண வடிவம்) செய்து, அதைக் கதாபாத்திரத்தின் எலும்புக்கூட்டோடு இணைத்து, எந்த எலும்பு அசைந்தால் துணியின் எந்தப் பகுதி எவ்வளவு நகர வேண்டும் என்று வெயிட் பெயிண்டிங் செய்ய வேண்டும். அக்குளும் இடுப்பும்தான் தீராத தலைவலி. கையைத் தூக்கினால் போதும், தோல் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்கைரிம் என்ற விளையாட்டில் உடல் எடைக்கு ஒரு ஸ்லைடர் இருப்பதால், ஒல்லியான உடலுக்கு ஒன்று, பருத்த உடலுக்கு ஒன்று என இரண்டு மெஷ் செய்வோம். நடுவில் உள்ள அளவுகளை எஞ்சினே கணக்கிட்டுக்கொள்ளும். இதெல்லாம் எங்கள் பாடு. சொல்லப்போனால் சுவாரசியமே அதில்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. உடை தயார், சரி, எங்கே வைப்பது? சேர்க்க வழியில்லாத விளையாட்டில், உங்கள் கோப்பு ஒன்றின் இடத்தில் எங்கள் கோப்பை வைக்க வேண்டியிருக்கிறது. பழைய உடை காணாமல் போகும். கதையில் வரும் காவலர்கள் அதையே உடுத்துபவர்கள் என்றால், நாயகிக்காகச் செய்த கோட்டில் அத்தனை காவலர்களும் உலா வருவார்கள். வேறொரு மோடரும் அதே கோப்பைத் தொட்டிருந்தால், இரண்டில் ஒன்றுதான் திரையில் தெரியும். அப்புறம் உங்களிடமிருந்து ஒரு பேட்ச் (திருத்தப் பதிப்பு) வரும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இது தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல. ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்டா, அது வெளியான மூன்றே மாதத்தில், 2012 பிப்ரவரியில், கிரியேஷன் கிட் என்ற மோட் செய்யும் கருவியை இலவசமாகக் கொடுத்தது. அதில் புதிய ஆடையைத் தனிப் பதிவாகவே சேர்க்கலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்யூ வேலி என்ற விளையாட்டின் 1.6 பதிப்பு 2024 மார்ச்சில் வந்தபோது, பொருள்களின் ஐடி வெறும் எண்ணாக இருந்தது மாறி எழுத்துகளால் ஆனதாயிற்று. மோடர் தன் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டால், இரண்டு மோட்கள் ஒரே ஐடிக்காக மோதிக்கொள்ளாது. வெளியே தெரியாத மாற்றம்தான், ஆனால் எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

உடைகளை விற்றும் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், அதனால் தயங்குகிறீர்கள் என்பது புரிகிறது. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் பகுதியைப் பூட்டியே வையுங்கள், நாங்கள் கதவைத் தட்டவில்லை. தனியாக ஆடுபவர் தன் கணினியில் என்ன உடுத்திப் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம்? எங்களை உங்கள் கடைக்குள் இழுக்கவும் அவசரப்பட வேண்டாம். 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விடும் முயற்சி, ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது.

அடிப்படை உடல் மெஷ்ஷையும் எலும்புக்கூட்டையும் வெளியிடுங்கள். எலும்புகளின் பெயரை மாற்றப் போகிறீர்கள் என்றால் பேட்ச் வருவதற்கு முன்பே சொல்லுங்கள். மோட்களுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், முதலில் ஒன்றையாவது செய்யுங்கள். மோடை நீக்கிய பிறகு பழைய சேவ் ஃபைலைத் திறந்தால், சில விளையாட்டுகள் இல்லாத உடையைத் தேடி அப்படியே நின்றுவிடுகின்றன. உடை கிடைக்காவிட்டால் உங்கள் சாதாரணச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர விடுங்கள். அடுத்த பேட்ச்சிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது.

இப்படிக்கு,
ஆடை மோடர் ஒருவர்