ஏரி நீரைச் சோதிக்கத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் மலக்கிருமி இருக்கும். அந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் கிடைத்தது உங்களால்தான்.

முதல் நன்றி, மாதிரி எடுத்தவர்களுக்கு. இடுப்பளவு நீரில் நின்று, காலடியில் கிளம்பிய சேறு அடங்கும்வரை காத்திருந்தீர்கள். கிருமி நீக்கிய குப்பியின் உள்வாயில் விரல் படாமல் திறந்து, தலைகீழாக 30 செ.மீ. அமிழ்த்திய பிறகே திருப்பி நிரப்பினீர்கள். மேலே மிதக்கும் ஏடு உள்ளே போயிருந்தால் கணக்கே தப்பியிருக்கும். குலுக்கிக் கலக்க வசதியாகக் கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டதும் சரியே.

கரைந்த ஆக்சிஜனுக்கான குப்பி இதற்கு நேரெதிர். ஒரு குமிழிகூட ஆகாது, அதிலுள்ள காற்று அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு ஆகிய மருந்துகளைக் கரையிலேயே சேர்த்து, பழுப்பாகப் படிவு இறங்கும்வரை பொறுத்திருந்தீர்கள். வெள்ளையாகவே நின்றிருந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். விடியுமுன் வந்தவர்களுக்குத் தனி நன்றி. பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதையே உறிஞ்சும். மதியம் மட்டும் அளந்தால் ஏரி நலமாக இருப்பதாகவே தோன்றும்.

பனிக்கட்டிப் பெட்டியோடு 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்தவர்களுக்கும் நன்றி. வெயில் பட்ட குப்பியில் கிருமி சாகவும் செய்யும், பெருகவும் செய்யும்.

ஆய்வக நண்பர்களே, மலக்கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலியின் முடிவு வர ஒரு நாள் ஆகும். அதாவது கையில் கிடைப்பது நேற்றைய நீரின் நிலை. அதனால்தான் ஒரே எண்ணைப் பலகையில் எழுதாமல், பல மாதிரிகளின் பெருக்கல் சராசரியை (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, மூலம் எடுத்துக் காணும் சராசரி) கேட்டு வாங்கினோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் குளிக்கும் நீருக்குப் பரிந்துரைத்த வரம்புகளில் ஒன்று, 30 நாள் பெருக்கல் சராசரியாக 100 மில்லிக்கு 126 ஈ.கோலி.

படகோட்டிகளே, பச்சை ஏடு படர்ந்த அன்றே சொன்னீர்கள். குச்சி விட்டுத் தூக்கினால் நூலாகத் தொங்குவது இழைப்பாசி; பெயிண்ட் போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தப் பக்கம் குழந்தைகளையும் நாய்களையும் விடாமல் தடுத்தது பெரிய உதவி.

மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் நீரில் இறங்காமல் பொறுத்த நீச்சல்காரர்களுக்கும் நன்றி. தெருக்கழிவு ஏரிக்குள் வந்து சேரும் நேரம் அது. அடுத்த மழையன்று வரத்துக்கால் வாயில் மாதிரி எடுக்க இன்னும் இருவர் வேண்டும். முழங்கால் உயரக் காலணி கட்டாயம்.

அன்புடன்,
ஏரி நீர்க் கண்காணிப்புக் குழுவினர்