12ஐ 5 ஆக்க விடாமல் தடுத்தவர்களுக்கு

ஜிஎஸ்டி ரேட் மாறிய 2025 செப்டம்பர் 22 எப்போதோ போய்விட்டது, இப்போது வந்து நன்றி சொல்கிறாயே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தீபாவளி விற்பனை முடியட்டும், ஏதாவது உடைகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். உடையவில்லை.

வெளியில் இருந்து படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மளிகை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறவர்கள். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 சதவீத வரி அடுக்குகளை எடுக்கப் போவதாக அறிவித்தது. நெய், மிக்சர் எல்லாம் 12லிருந்து 5, குளியல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் 18லிருந்து 5. நவராத்திரி முதல் நாளான 22ஆம் தேதி அமல், கையில் 19 நாள். சரி, புரோகிராம் கோடில் 12 இருக்கிற இடத்தையெல்லாம் தேடி 5 போட்டால் ஒரு மதிய வேலை, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

தேடினால் 400 சொச்சம் இடத்தில் 12 வந்தது. வருஷத்துக்கு 12 மாதம் அதில் இருந்தது, டஜனுக்கு 12 இருந்தது, பிரிண்டர் எழுத்தின் அளவு 12 இருந்தது. எது வரி என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அதைவிட மோசம், 12 என்றே எழுதாமல் 12ஐ ஒளித்துவைத்த இடங்கள். மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்து 0.06 என்று ஒருவர் எழுதியிருந்தார். வரி சேர்ந்த விலையை 1.12ஆல் வகுத்து வைத்திருந்தார் இன்னொருவர். அந்த இன்னொருவர் யாரென்று, கோடில் எதை யார் எப்போது எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். நான்தான். 2017 ஜூன் கடைசி வாரம், ஜிஎஸ்டி வர நாலு நாள் இருக்கும்போது, 'தற்காலிகம், அப்புறம் மாற்றணும்' என்ற குறிப்போடு.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தான். நான் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆகஸ்ட்ல வித்த நெய் அக்டோபர்ல திரும்பி வந்தா கிரெடிட் நோட் எந்த ரேட்ல போடும்?" என்று கேட்டான். கிரெடிட் நோட் என்றால் திரும்பி வந்த சரக்குக்குப் பணத்தைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு. விற்ற பில்லில் இருக்கும் 12லேதான் போட வேண்டும். நான் செய்துகொண்டிருந்த மாதிரி மாற்றியிருந்தால் 5ல் போட்டிருக்கும், அதை ஆடிட்டர் கண்டுபிடிக்க மார்ச் ஆகியிருக்கும். அந்த ஒரு கேள்வியில் வேலையே வேறாகிவிட்டது. எந்தப் பொருள், எந்த ரேட், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரே ஒரு டேபிள், அதாவது அட்டவணை, அதைத் தவிர கோடில் வேறெங்கும் வரி எண் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். 28ஐயாவது தூக்கி எறியலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது, சிகரெட்டும் பான் மசாலாவும் அன்றைக்குப் பழைய 28லேயே, செஸ் என்ற கூடுதல் வரியோடு நின்றன. அமெரிக்க மென்பொருளாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இந்த மாதிரி அவசரமாக எழுதிய கோட் ஒரு கடன் என்றார், அடைக்காத வரை வட்டி ஏறும் என்றார். நான் வாங்கிய கடனுக்கு எட்டு வருஷ வட்டியைக் கட்டியது இந்தத் தம்பி. நன்றிடா.

டேபிளுக்கு மாறுவதற்கு முன்னால் ஒரு பயம் இருந்தது. கோட் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சரிபார்க்கிற டெஸ்ட் என்று எங்களிடம் ஒன்றுகூட கிடையாது. அப்போதுதான் எங்கள் வாடிக்கையாளர் கடையின் கணக்கு அக்கா, இரண்டு வருஷத்துப் பழைய பில்களைக் கட்டுக் கட்டாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பழைய கோட் சரியாகச் சொல்கிறதோ தப்பாகச் சொல்கிறதோ, அது சொல்கிற தொகையை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே தொகை வருகிறதா என்று ஓட்டிப் பார்த்தோம். வரி கணக்குப் போடும் ஃபங்ஷன், அதாவது அந்த வேலையைச் செய்யும் கோட் துண்டு, நாலு இடத்தில் காப்பி-பேஸ்ட் ஆகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பில் திரை, பிரிண்ட், ரிட்டர்ன் மூன்றும் ஒவ்வொரு வரிசையிலும் பைசாவை ரவுண்ட் செய்கின்றன, மாத அறிக்கை மட்டும் மொத்தத்தில் ரவுண்ட் செய்கிறது. "ஓ, அதனாலதானா?" என்றார் அக்கா. மாதா மாதம் வருகிற அந்தச் சில ரூபாய் வித்தியாசத்தை இத்தனை வருஷமும் கையால் ரவுண்ட் ஆஃப் கணக்கில் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறார், மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று. ஒருநாளும் எங்களுக்கு ஃபோன் செய்து திட்டியதில்லை. திட்டியிருக்கலாம் அக்கா.

வேலையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆன எங்கள் பழைய சீனியருக்கும் ஒரு கும்பிடு. 'செக்2' என்று பேர் வைத்த, 600 லைன் நீள ஃபங்ஷன் ஒன்று இருந்தது, யாருக்கும் அது எதற்கென்று தெரியாது, தொட்டால் என்ன ஆகுமோ என்று சுற்றிக்கொண்டே போவோம். இரவு பத்து மணிக்கு அழைத்தேன். சிரித்துவிட்டு, "அது ஒரே ஒரு கடைக்காக எழுதினதுப்பா, அவங்க கடையையே மூடிட்டாங்க, தூக்கிடு" என்றார். பேரை ஒழுங்காக வைத்திருக்கலாமே சார் என்று கேட்க வாய்வரை வந்தது, 1.12 ஞாபகம் வந்து அடங்கிவிட்டேன். தூக்கினோம், ஒரு பில்லும் மாறவில்லை.

மேனேஜர் புது வசதி எதுவும் 22 வரை கிடையாது என்று எல்லா வாடிக்கையாளரிடமும் தானே பேசிக்கொண்டார், எங்கள் பக்கம் ஒரு அழைப்பையும் விடவில்லை. 17ஆம் தேதி அரசு அறிவிக்கை வந்தபோது பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்து டேபிளில் சில வரிசைகளை மட்டும் திருத்தினோம். கோட் பக்கமே போகவில்லை. அன்று அவர் வாங்கித் தந்த பரோட்டாவுக்கும் சேர்த்து நன்றி.

அக்கா, உங்கள் பில் கட்டுகள் இன்னும் எங்கள் மீட்டிங் ரூம் மேஜைக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒரு கட்டின் மேல் மட்டும் காபி கொட்டிவிட்டது, மன்னிக்கவும். திங்கட்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.