மரக்கட்டை இழுத்த யானைக்கு இடம் கிடைத்தது: உதவியவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள நண்பர்களே,

மரக்கட்டை இழுத்தும் பிறகு முதுகில் ஆட்களைச் சுமந்தும் காலம் தள்ளிய எங்கள் கிழவி இப்போது மறுவாழ்வு மையத்துக்கு வந்துவிட்டாள். லாரியிலிருந்து அவள் இறங்கும் படத்தைப் பார்த்து நிறையப் பேர் எங்களைப் பாராட்டினீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நாங்கள் செய்தது கொஞ்சம். படத்தில் விழாதவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி பாகனுக்கு. யானையை மீட்ட கதை என்றாலே பாகனை வில்லனாக்கிவிடுகிறார்கள். இவரும் அங்குசம் பிடித்தவர்தான், அதை அவரே மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய எந்தக் காலை முதலில் தொடக் கூடாது, எந்தச் சத்தத்துக்கு மிரளுவாள், வயிறு சரியில்லையென்றால் எப்படி நிற்பாள் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தாய்லாந்தில் 1989இல் காட்டு மரம் வெட்டத் தடை வந்தபோது யானைகளோடு பாகன்களும் வேலை இழந்தார்கள். இருவரும் சேர்ந்தே நகரத் தெருக்களுக்குப் பிச்சை எடுக்க வந்தார்கள். யானைக்கு மட்டும் வழி செய்துவிட்டுப் பாகனைத் தெருவில் விட்டால் அவர் வேறொரு யானையிடம்தான் போவார், அதே அங்குசத்தோடு. அதனால் அவரையும் கூடவே அழைத்தோம், வந்தார். இப்போது நுனியில் பந்து கட்டிய கோலை நீட்டி, அதை அவள் தொட்டால் தீனி கொடுக்கும் பயிற்சியைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதட்டியே பழகிய குரலுக்கு அது லேசில் வரவில்லை. அவருடைய மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்ட குடும்பத்தாருக்கும் இதே பத்தியில் நன்றி சொல்லிவிடுகிறேன். யானைக்குக் கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், பாகனுக்குக் கொடுக்க வருபவர்கள் குறைவு.

அவளை ஒப்படைத்த உரிமையாளருக்கும் நன்றி. விலை கொடுத்து வாங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று சிலர் எங்களைக் கடிந்துகொண்டார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தில் இளைய யானை ஒன்றை வாங்கி அதே வேலைக்கு விட்டால் நாம் எதை மீட்டோம்? பேச்சு இழுத்துக்கொண்டே போனபோதும் பொறுமையாக நடுவில் உட்கார்ந்து பேசிய பெரியவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம் கால்நடை மருத்துவர். யானையை மயக்கிப் படுக்கவைத்து லாரியில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலைச் சுற்றி இருக்கும் இடைவெளி யானைக்கு இல்லை, அங்கே இணைப்புத் திசுதான் நிறைந்திருக்கிறது. மார்பு அழுந்தப் படுத்தால் மூச்சு விடவே திணறும். ஆகவே நின்றபடிதான் வர வேண்டும், தானாகவே ஏற வேண்டும். 2020 நவம்பரில் இஸ்லாமாபாத்திலிருந்து கம்போடியாவுக்கு விமானத்தில் போன காவன் என்ற யானையைக்கூட டாக்டர் அமீர் கலீல் குழுவினர் முன்கூட்டியே கூண்டுக்குள் போய்வரப் பழக்கித்தான் ஏற்றினார்கள். எங்கள் மருத்துவரும் அதே வழியில் போனார். லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே தீனி போட்டு, அவள் முன்கால் வைத்துவிட்டுப் பின்வாங்கினாலும் யாரையும் அதட்ட விடவில்லை. அத்தனை நேரம் வண்டியை வாடகைக்கு விடாமல் நிறுத்திவைத்த லாரி உரிமையாளரை என்ன சொல்லிப் பாராட்டுவது!

ஓட்டுநர் வளைவுகளில் வண்டியைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஓட்டினார். மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தவர்கள், தாழ்ந்த கிளைகளை முந்தின நாளே வெட்டியவர்கள், வழியில் குழாய் போட்டுத் தண்ணீர் அடித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

வந்து சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி, நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவளுக்குக் கடைசித் தொகுதியே தேய்ந்துவிட்டதால் புல்லைப் பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும். நறுக்கும் இயந்திரம் நின்றுபோனபோதெல்லாம் ராத்திரியிலும் வந்து சரிசெய்த மெக்கானிக் தம்பி, உனக்குத் தனியாக ஒரு கும்பிடு.

எங்களுக்குப் பெரிய கவலை அவள் பாதம். கட்டாந்தரையில் கட்டிக் கிடக்கும் யானைகளை வீழ்த்துவதில் பாத நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளங்காலின் தோல் வளர்ந்துகொண்டே இருக்கும். நடந்தால்தான் தேயும், நின்றே கிடந்தால் வெடித்துச் சீழ் பிடிக்கும். தினமும் வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, நகத்தை அரத்தால் தேய்த்துவிடும் தன்னார்வலர்களின் கைகளைப் போய்ப் பாருங்கள், காய்த்துக் கிடக்கின்றன. மணல் கொட்டி மேடு போட்டுக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. மூட்டு வலிக்கிற யானை தரையில் படுத்தால் எழுந்திருக்கக் கஷ்டம், சரிவில் சாய்ந்து தூங்கினால் எழுவது எளிது.

துணை யானைகளோடு அவளை எப்போது விடுவீர்கள் என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில், 1995இல் தொடங்கிய டென்னசி யானைச் சரணாலயத்துக்கு 1999இல் ஷெர்லி என்ற யானை போனது. அதன் காலைக் கட்டிய சங்கிலியைக் கழற்றியது இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர்தான். முன்பு தன்னோடு ஒரே சர்க்கஸில் இருந்த ஜென்னி என்ற யானையை ஷெர்லி அங்கே மறுபடி பார்த்தது. இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பிறகும் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. நமக்கும் ஆசைதான். ஆனால் காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும், அவளுக்கு இருந்தால் மற்ற யானைகளுக்கும் பரவலாம். தும்பிக்கையில் உப்புநீர் விட்டு, அவள் ஊதி வெளியேற்றுவதைப் பையில் பிடித்து, வெவ்வேறு மூன்று நாள்களில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். முடிவு வரும்வரை வேலிக்கு அப்பால் இருந்தே மற்றவர்களைப் பார்க்கட்டும். கட்டணம் வாங்காமல் பரிசோதிக்கும் ஆய்வக நண்பர்களுக்கு நன்றி.

கடைசியாக, பணம் அனுப்பியவர்களுக்கு. அவளைக் குளிப்பாட்டலாமா, பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு அனுப்பியவர்கள் பலர். இரண்டுக்கும் முடியாது என்று பதில் போட்டோம். ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார். அவரும் மறு மாதம் அனுப்பிவிட்டார்.

நன்றியுடன்,
மறுவாழ்வு மையக் குழுவினர்