எக்ஸ்ரே நார்மல் என்றால் தாடை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

ஆசிரியருக்கு,

கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வயதான கோம்பை நாய்கள் நிறைய உண்டு. வாய் நாறும், ஒரு பக்கமாகவே மெல்லும், எச்சில் ஒழுகும். கிழட்டு நாய்னா அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். எங்கள் நாய்க்குக் கீழ்த்தாடை வீங்கியபோது ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நார்மல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், வீக்கம் வடிந்து மறுபடி வந்தது. இன்னொரு இடத்தில் தொட்டுப் பார்த்ததுமே கேன்சர், கருணைக்கொலைதான் வழி என்றார்கள். கடைசியில் அது கடைவாய்ப் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிய சீழ்.

எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும், அதற்குள் ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும். போதாததற்கு, பக்கவாட்டில் எடுத்தால் இடது தாடையும் வலது தாடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது எந்தப் பக்கம் என்றே புரியாது. சாய்த்து எடுக்க வேண்டும், அல்லது வாய்க்குள் சின்னத் தகடு வைத்துப் பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவு. செத்துப்போன எலும்புத் துண்டு தனியாகக் கிடப்பதுகூடத் தெரியும். இதற்கெல்லாம் மயக்க மருந்து வேண்டும், வயதான நாய் என்பதால் சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலில் பார்த்தாக வேண்டும்.

ஆனால் சி.டி.யும் முடிவான தீர்ப்பு இல்லை. புற்றும் எலும்பை அரிக்கும், தொற்றும் அரிக்கும், படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். எலும்பில் ஒரு துண்டு எடுத்து பயாப்ஸியும் (புற்றா என்று பார்க்கும் திசுச் சோதனை) கல்ச்சரும் (எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) பார்க்காமல் நாயைக் கொல்லச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொற்று என்று தெரிந்தால் கெட்ட பல்லையும் செத்த எலும்பையும் எடுத்துவிட்டு, கல்ச்சரில் வந்த மருந்தை வாரக்கணக்கில் விடாமல் கொடுக்கலாம், பல நாய்கள் தேறிவிடும்.

அப்புறம், எங்களைப் போல் கேரள எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: படத்தின் டிஜிட்டல் ஃபைலையே கேட்டு வாங்குங்கள். பிரிண்டை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார், நாய்க்கு மறுபடி மயக்க மருந்து.

தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து மாதம் ஒருநாளாவது கையில் தூக்கக்கூடிய பல் எக்ஸ்ரே கருவியோடு கம்பம் பள்ளத்தாக்கு கால்நடை மருந்தகங்களுக்கு ஒரு குழு வர கால்நடைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்